நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

கேடயத்தைத் தூக்க ஆதிரையால் முடியவில்லை.

பள்ளி ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியை அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'மாவட்டத்தின் ஆரோக்கிய மாணவி' என்று பொன்னெழுத்தில் பொறித்த மரக் கேடயம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கையில் பிடித்துவிடக்கூடிய கனம்தான். ஆதிரையின் மணிக்கட்டு நடுங்கியது. கேடயம் சரிய, அவள் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அரங்கம் கைதட்டியது. அவளுடைய அப்பா தனபால் எழுந்து நின்று தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கோகிலா மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் வேர்த்தது. ஆதிரை கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

அளவி வந்து அப்போது ஆறேழு வருடம் ஆகியிருந்தது. விலா எலும்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஒட்டு, அவ்வளவுதான். வயிற்றுக்குள் என்ன போகிறது, உடம்பு அதை என்ன செய்கிறது என்று தோல் வழியாகவே தெரிந்துகொண்டு, சாயங்காலமானால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் சொல்லும். சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் பெருகிவிட்டன என்று காப்பீட்டு நிறுவனம்தான் முதலில் கொண்டுவந்தது. பிறகு வேலைக்கு எடுப்பவர்கள் அந்த மதிப்பெண்ணைக் கேட்டார்கள். பிறகு கல்லூரிகள் கேட்டன. மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு அளவி மதிப்பெண்ணையும் கூட்டினார்கள். டாக்டராகப் போகிறவர் ஆரோக்கியமாக இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

பத்தாம் வகுப்பில் ஆதிரையின் மதிப்பெண் அறுபத்திரண்டு. வகுப்பாசிரியர் எல்லோருடைய எண்ணையும் சத்தமாக வாசிப்பார். பையன்கள் அவளை அறுபத்திரண்டு என்றே கூப்பிட்டார்கள். இப்போது அவள் தொண்ணூற்றெட்டு.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கோகிலா சொன்னாள்: "அவ கை நடுங்குச்சுங்க. பாத்தீங்களா?"

"அத்தன பேரு முன்னால நின்னா நடுங்காதா? நீ ஏம்மா நல்ல நாள்ல இப்படிப் பேசற?" என்றார் தனபால். அவர் காந்திபுரத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அன்றைக்குக் கடைப் பையன்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தார்.

பின் இருக்கையில் ஆதிரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள்தான் இப்போதெல்லாம் சமைத்தாள். அதுதான் கோகிலாவுக்குப் புரியாத விஷயமாக இருந்தது. சாப்பாடே பிடிக்காத பெண் ஏன் சமையல் குறிப்புகளாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? ஏன் அப்பாவுக்கென்று கொள்ளு ரசமும் பருப்பு அடையும் செய்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்? தன் தட்டில் ஒரு இட்லி வைத்துக்கொள்வாள். அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவாள். கேட்டால், "ஸ்கூல்லயே சாப்டேம்மா" என்பாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாதவிலக்கு நின்று போயிருந்தது. கட்டாயப்படுத்தினால் முகம் மாறிவிடும். பாம்பைப் பார்த்தவளைப் போல அவள் ஒரு கரண்டித் தயிர் சாதத்தைப் பார்ப்பாள்.

கோகிலா ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தின் புகார் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தைக் காதில் வாங்கி வாங்கி அவளுக்குக் கோபமே மரத்துப்போயிருந்தது. ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, அவள் தோழியிடம் கேட்டாள்.

தோழி என்பது அளவியோடு வந்த குரல். அந்தக் காலத்தில் யாரும் எதையும் தேடுவதில்லை, கேட்பார்கள். கேட்டால் ஒரே ஒரு பதில் வரும். அதுவே போதும் என்று பழகியிருந்தார்கள்.

"என் பொண்ணு சரியாச் சாப்பிடறதே இல்ல. என்ன பண்றது?"

"உங்கள் மகள் ஆதிரையின் இன்றைய மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. மாவட்டத்தில் முதலிடம். வாழ்த்துகள்."

"மார்க்க விடு. அவ எலும்பும் தோலுமா இருக்கா."

"கட்டுப்பாடான உணவுப் பழக்கம் நீண்ட ஆயுளுக்கு நல்லது."

"சாப்பாட்டப் பாத்தாலே பயப்படறா. இப்படி ஒரு நோய் இருக்குதா? அதுக்கு யாரப் பாக்கோணும்?"

"இந்தத் தலைப்பிலுள்ள தகவல்கள் சிலருடைய மனநலத்தைப் பாதிக்கக்கூடும். உங்கள் பாதுகாப்பு கருதி அவற்றைத் தர இயலாது. உடல் எடை குறித்த கவலை இருந்தால், உங்களுக்கு ஏற்ற எளிய எடைக் குறைப்புத் திட்டங்கள் உள்ளன. முதலாவதைச் சொல்லட்டுமா?"

கோகிலா வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுப் பார்த்தாள். பட்டினி நோய் என்றாள். சாப்பாட்டுப் பயம் என்றாள். மெலிந்துகொண்டே போகும் நோய் என்றாள். கடைசிக் கேள்விக்கு, "மெலிவதற்கான வழிகளைக் கேட்கிறீர்களா?" என்று தோழி உற்சாகமாகிவிட்டது.

புகார்களை எப்படிக் கொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுக்க மாட்டார்கள். பக்கத்து வாசலைக் காட்டுவார்கள், அங்கே போனால் இன்னொரு வாசல். ஆனால் சாகிறவர்கள் வந்து கதவைத் தட்டும்போது, சாவது எப்படி என்ற சீட்டை எடுத்துக் கையில் கொடுக்கிற புகார் பிரிவை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். இளம் டாக்டர். ஆதிரையின் அளவி விவரங்கள் அவர் மேசைத் திரையில் ஓடின. அவர் திரையைப் பார்த்தே பேசினார்.

"எல்லாமே பிரமாதமா இருக்கும்மா. இப்படி ஒரு கேஸ் நான் பாத்ததில்ல."

"நாடித் துடிப்பு ரொம்ப மெதுவா இருக்குதுங்களே டாக்டர்?"

"ஓட்டப்பந்தய வீரர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அளவியே 'விளையாட்டு வீரர் இதயம்'னு போட்டிருக்கு பாருங்க."

"அவ ஓடறதில்லீங்க. மாடிப்படி ஏறினா நடுவுல உக்காந்துக்கறா. ஒரு தடவ அவ கையத் தொட்டுப் பாருங்க டாக்டர். ஐஸ் மாதிரி இருக்கும்."

டாக்டர் தொடவில்லை. "மார்க் எழுபதுக்குக் கீழ இருந்தாத்தாம்மா நான் அட்மிஷன் போட முடியும். தொண்ணூற்றெட்டுக்கு என்னன்னு போடறது? வெளியில பாருங்க, எங்க பிள்ளைக்கு இப்படி மார்க் வராதான்னு எத்தனை அம்மாக்கள் உக்காந்திருக்காங்க."

வெளியே வந்ததும் ஆதிரை சொன்னாள்: "நாந்தான் சொன்னேன்ல. எனக்கு ஒண்ணுமில்லம்மா." அவள் குரலில் வெற்றி இருந்தது. அந்த வெற்றிதான் கோகிலாவைப் பயமுறுத்தியது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை கோகிலாவை மேடைக்கு அழைத்தார். "நம்ம பள்ளியோட பெருமை ஆதிரையோட அம்மா. வீட்டுல என்ன குடுக்கறாங்க, எப்படிக் குடுக்கறாங்கன்னு எல்லாப் பேரன்ட்ஸும் தெரிஞ்சுக்கட்டும்."

கோகிலாவுக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் குடுக்கறதில்லீங்க. குடுத்தாலும் அவ சாப்பிடறதில்ல. எம் பொண்ணு பட்டினி கெடக்கறா. அவ முடி கொட்டுது. வெயில்ல குளிருது. நீங்க அதுக்குக் கேடயம் குடுத்தீங்க. வகுப்புல நம்பர வாசிச்சு வாசிச்சு நீங்கதான்..."

ஒலிவாங்கி நின்றுபோனது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் சிலர் செல்பேசியைப் பார்த்தார்கள். "இது குறையா, பெருமையான்னு தெரியலயே" என்று யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. உடல்நலக் கண்காட்சிக்கான தேதியைத் தலைமையாசிரியை அறிவித்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் சாவியைப் போட முடியாமல் கோகிலா நின்றபோது ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் ஷாஹினா. மகன் ரிஸ்வான் அதே பள்ளியில் போன வருடம் முடித்தவன். இப்போது இளைய மகளுக்காகக் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னீங்கல்ல, அதுக்குப் பேர் இருக்குக்கா. அது நோய்தான். என் பையனுக்கும் இருந்துச்சு."

"பசங்களுக்குமா?"

"பசங்களுக்கும்தான். தோழிகிட்ட கேட்டா பதிலே சொல்லல. என்னைய மெலியச் சொல்லுச்சு. சிங்காநல்லூர்ல ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க, எஸ்தர்னு. கேட்டாலும் தோழி அவங்க பேரச் சொல்லாது. நாளைக்கே வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

கோகிலா அந்த முகம் தெரியாத பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதாள்.

டாக்டர் எஸ்தர் திருநெல்வேலிக்காரர். மனநல மருத்துவர். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சிகிச்சை கொடுத்தார். ஆதிரையின் கையை எடுத்து வெகுநேரம் நாடி பார்த்தார், நிற்கவைத்தும் படுக்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். திரை எதையும் பார்க்கவில்லை. பிறகு ஆதிரையை வெளியே ஷாஹினாவோடு உட்காரச் சொல்லிவிட்டுக் கோகிலாவிடமும் தனபாலிடமும் பேசினார்.

"இது வீம்பு இல்ல. அழகு மேல உள்ள ஆசையும் இல்ல. நீங்க வளத்த விதத்தால வந்ததும் இல்ல, அத முதல்ல மனசுல இருந்து எடுத்துப் போட்ருங்க. பட்டினி கிடக்க கிடக்க மூளை மாறிப் போகுது. சாப்பாட்ட எதிரின்னு நினைக்கும். அவளுக்குப் பசிக்கலன்னு நினைக்காதீங்க. பசியப் பயம் அமுக்கி வச்சிருக்கு."

"அப்ப ஏன் டாக்டர் எங்களுக்கு மட்டும் விதவிதமாச் சமைச்சுப் போடறா?" கோகிலா கேட்டாள்.

"அவ மூளை நாள் பூரா சாப்பாட்டயேதான் நினைச்சிட்டு இருக்கு. தனக்கு அனுமதி இல்லாதத உங்களுக்குக் குடுத்துப் பாக்கா."

கோகிலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கு மருந்து என்னங்க?" என்றார் தனபால்.

"சாப்பாடுதான் மருந்து. ஆனா இப்ப வீட்ல வச்சுத் திடீர்னு ஊட்டிரக் கூடாது, அது ஆபத்து. இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில சேக்கணும். இதயத்தயும் ரத்தத்துல உள்ள உப்பையும் பாக்கணும். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, மார்க் பாக்க மாட்டாரு. உடம்பு தேறினதும் வீட்ல மூணு வேளையும் நீங்க கூட உக்காந்து சாப்பிட வைக்கணும். மாசக் கணக்காகும். அவ உங்களத் திட்டுவா. அது அவ இல்ல. அவளும் நீங்களும் ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம். அப்புறம் அந்த அளவிய இப்பவே எடுத்துரணும்."

தனபால் நிமிர்ந்தார். "எடுத்தா மெடிக்கல் சீட் போயிருமுங்களே."

"போயிரும்."

"நீங்க இவ்வளவு தெரிஞ்சவங்க. அப்பறம் ஏனுங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் உங்க பேர் இல்ல?"

எஸ்தர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "எங்கிட்ட வர்றவங்க குணமானா அவங்க மார்க் குறையுது. குறையக் குறைய நான் மோசமான டாக்டர்னு கணக்காகுது. அப்படியே பட்டியல்ல இருந்து விழுந்துட்டேன்."

வீட்டில் அன்று பெரிய சண்டை நடந்தது. கழற்றினால் செத்துப்போவேன், ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்றாள் ஆதிரை. "கலந்தாய்வு முடியட்டும் கோகி" என்றார் தனபால். "சீட் கெடச்சதும் நானே பிச்சு எறியறேன். இத்தன கஷ்டப்பட்டுப் படிச்சவ. ஒரு டாக்டரம்மா சொன்னான்னு அவ வாழ்க்கையவே..."

"அவ உயிரோட இருந்தாத்தானுங்க வாழ்க்கை."

"நீ அபசகுனமாப் பேசாத."

அப்பாவும் மகளும் ஒரு பக்கம் நின்றுவிட்டார்கள். கோகிலா தனியாக நின்றாள். ஆஸ்பத்திரியைப் பற்றியும் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார் தனபால்.

சனிக்கிழமை மதியம் ஆதிரை அப்பாவுக்குக் கடைக்குச் சாப்பாடு எடுத்துப்போனாள். அவரைச் சமாதானப்படுத்தத் தேவையில்லை, அவர் அவள் பக்கம்தான். நன்றி சொல்வது போல அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தாள். கடை வாசலில் மூன்று படிகள். மூன்றாவது படியில் கால் வைத்தவள், "அப்பா" என்றாள். அவ்வளவுதான். தூக்குவாளி உருண்டது. ரசமும் சோறும் படியெங்கும் கொட்ட, அதன் மேலேயே அவள் விழுந்தாள். தனபால் ஓடிப்போய்த் தூக்கினார். சின்ன வயதில் அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தபோது இருந்த கனம்கூட இப்போது இல்லை என்று அவருக்குப் பட்டது. கம்பளிச் சட்டைக்குள் விலா எலும்புகள் அவர் விரல்களில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன.

பெரியாஸ்பத்திரியில் எஸ்தர் சொன்ன டாக்டர்தான் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் கண் விழித்தபோது கட்டிலின் ஒரு பக்கம் கோகிலாவும் மறுபக்கம் தனபாலும் இருந்தார்கள். அப்போது தலையணை ஓரமிருந்த செல்பேசி பேசியது. தோழிதான். வழக்கமான அதே அன்பான குரல்.

"ஆதிரை, இன்று உன் மதிப்பெண் எண்பத்தொன்று. திட்டமிடாத சர்க்கரை உடலில் சேர்ந்திருக்கிறது. மனம் தளராதே. நாளை குறைத்துச் சரிசெய்துவிடலாம்."

ஆதிரையின் கண்கள் கையில் இருந்த ஊசிக்குப் போயின. அடுத்த நொடி மறு கையால் அதைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் தெறித்தது. "என்ன பண்ணிட்டீங்க, என்ன பண்ணிட்டீங்க எனக்கு" என்று கத்தினாள். குரலே எழும்பாதவளுக்கு அப்போது எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ. செவிலியர் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

தனபால் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அந்தச் செல்பேசியையே பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தைக் கோகிலா பார்த்ததில்லை.

"எம் புள்ள சாகக் கெடக்கறா" என்றார் மெதுவாக. "இது மார்க்கக் கொறைக்குது."

அளவியை அவர்தான் பிய்த்தெடுத்தார். ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்து வட்டமாகத் தெரிந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். ஆதிரை அவர் கையைத் தட்டிவிட்டாள். அவரை மன்னிக்க அவளுக்கு வெகுகாலம் ஆனது. சீட்டை இழந்ததற்காகத்தான் அந்தக் கோபம். அவர் காத்திருந்ததற்காக அவள் கோபப்படவேயில்லை. அதை நினைத்துத்தான் அவர் அதிகம் குமைந்தார்.

அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டில் ஒரே வேலைதான், சாப்பிடுவது. கோகிலா நீண்ட விடுப்பு எடுத்தாள். தனபால் மதியம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. தட்டு பறந்த நாட்கள் உண்டு. "நீங்க என்னக் கொல்றீங்க" என்று ஆதிரை கத்தும்போது, "எனக்குத் தெரியும் கண்ணு, பயமா இருக்குது உனக்கு. நான் இங்கயேதான் இருப்பேன். அடுத்த வாய் எடு" என்பாள் கோகிலா. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு வருவாள். சாப்பிட்டு முடித்ததும் அவளைத் தனியாக விடக் கூடாது என்று எஸ்தர் சொல்லியிருந்தார். எனவே கேரம் ஆடினார்கள். தனபால் எப்போதும் தோற்றார்.

'கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கியே' என்று சொல்லிவிடக்கூடிய உறவினர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாஹினா வீட்டுக்குப் போனார்கள். அங்கே அது ஒரு வழக்கமாகியிருந்தது. எஸ்தரிடம் வருகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ரிஸ்வான் இருந்தான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். பார்த்தால் நல்ல உடம்பு. கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தன்னையே தண்டித்துக்கொள்வதும் இதே நோயின் இன்னொரு முகம் என்று கோகிலா அங்கேதான் தெரிந்துகொண்டாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை. ஆதிரை முதல் சில வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் ரிஸ்வான், "எனக்கும் இந்த உருளைக்கிழங்குதான் ஜென்ம எதிரி. நீ ஒண்ணு எடு, நான் ஒண்ணு எடுக்கறேன்" என்றான். அவள் எடுத்தாள்.

அவளுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "'மொதல்ல சாப்பிடு, அப்பறம் கோபப்படு'ன்னு எஸ்தர் டாக்டர் சொன்னாங்கம்மா" என்று ஒருநாள் சொன்னாள். "இப்ப படறேன். நாம கேஸ் போடலாம்."

புகார் எழுதக் கோகிலாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வாசலைக் காட்டினாலும் அவள் அடுத்த வாசலுக்குப் போனாள். அளவி குறைதீர் ஆணையம் கடைசியில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் சார்பில் இந்துஜா என்ற பெண் அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, திருத்தமான தமிழ், ஒரு முறைகூட உயராத குரல்.

"அளவி பொய் சொன்னதா?" என்று கேட்டாள் இந்துஜா. "அந்தப் பெண் குறைவாகச் சாப்பிட்டார், அதிக மதிப்பெண் பெற்றார். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இதில் தவறு எங்கே இருக்கிறது?"

கோகிலா எழுந்தாள். "அதிகமாச் சாப்பிட்டா சிவப்பு விளக்கு எரியுதுங்க. ஒண்ணுமே சாப்பிடாம இருந்தா எரிய வேண்டாமா? கீழ ஒரு எல்லை வைக்கோணும்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தோணல?"

இந்துஜா ஆணையத் தலைவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "தோன்றியது. கீழ் எல்லை வைத்தால், அதற்குக் கீழே போகிறவர்களை நோயாளிகள் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதாகும். அவர்களுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை தர வேண்டிவரும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் அந்த நோய் சேர்க்கப்படவில்லை."

"அப்ப தெரிஞ்சேதான் விட்டீங்க."

"ஒப்பந்தப்படி நடந்துகொண்டோம்."

"கேட்டவங்களுக்கு டாக்டர் பேரையாவது சொல்லியிருக்கலாமுங்களே. அதக்கூட ஏன் மறைச்சீங்க?"

"அந்தத் தகவல்கள் சிலரைப் பாதிக்கக்கூடும் என்பதால்."

அறையில் இருந்த யாருக்கும் அது அபத்தமாகப் படவில்லை. ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. கோகிலா எதையும் தொடவில்லை. ஆதிரை தன் பங்கைச் சாப்பிட்டபடி எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் புகார் தள்ளுபடியானது. கருவி உண்மைக்கு மாறாக எதுவும் சொல்லவில்லை என்பதுதான் காரணம். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள்.

தனபால் வண்டியை எடுத்து வந்தபோது ஆதிரையைக் காணவில்லை. வராந்தாவின் கடைசியில் அவள் இந்துஜாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்துஜா தலையசைத்து மறுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

"அவகிட்ட உனக்கென்ன பேச்சு?" கோகிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஷாஹினா அத்தை வீட்டு அட்ரஸ் சொன்னேம்மா."

"எதுக்கு?"

"ஒரு பிஸ்கட்ட நாலாக்கினாங்க. அப்பறம் எட்டாக்கினாங்க. அப்பறம் டிஷ்யூல மடிச்சு கோட்டுப் பாக்கெட்ல வெச்சுட்டு, சாப்ட்டாச்சுன்னு கப்பத் தள்ளி வெச்சாங்க. அந்த ரூம்ல ஏசியே ஓடல, பாத்தியா? அவங்க கோட்டக் கழட்டவே இல்ல."

கோகிலா திரும்பி இந்துஜா போன வழியைப் பார்த்தாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றார் தனபால்.

"நீ என்ன பேசறேன்னே எனக்குப் புரியலன்னாங்க. நானும் அப்படித்தான்ப்பா சொல்லிட்டு இருந்தேன்."

சில வாரங்கள் போயின. மேல்முறையீட்டுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாஹினா வீட்டில் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது. பரிமாறிக்கொண்டிருந்த கோகிலாதான் கரண்டியோடு போய்த் திறந்தாள்.

இந்துஜா நின்றாள். கோட்டு இல்லை. கோட்டு இல்லாமல் அவள் பாதியாகத் தெரிந்தாள்.

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் தோழிகிட்ட கேட்டேன்" என்றாள். திருத்தமான தமிழ் போயிருந்தது. "உங்ககிட்ட சொன்னதேதான் எங்கிட்டயும் சொல்லுச்சு. அப்பறம் எனக்குத் தொண்ணூற்றேழு இருக்குன்னுதான் இந்த வேலையே குடுத்தாங்க."

கோகிலாவுக்குள் அந்த விசாரணை அறை மறுபடி எழுந்தது. தோன்றியது என்றாளே, ஒப்பந்தப்படி என்றாளே. தனபால் சொல்லிக் கேட்டது போல, படியில் சிதறிய சோற்றுக்குள் கிடந்த மகளின் முகம் தெரிந்தது. எதிர் மேசையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் இவள்தான். தெரிந்துகொண்டே அத்தனையும் சொன்னாள். கையிலிருந்த கரண்டியைக் கோகிலா இறுகப் பிடித்தாள். அறைந்துவிடத்தான் தோன்றியது.

பின்னாலிருந்து ஆதிரை நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் இடம் விடும் சத்தம் கேட்டது.

"உங்களோட எனக்குப் பெரிய சண்ட இருக்குது" என்றாள் கோகிலா. "ஒரு வார்த்த விடாம நான் கேப்பேன். நீங்க பதில் சொல்லித்தான் ஆகோணும். அதுக்கு ஒடம்புல தெம்பு வேணும். உள்ள வாங்க. மொதல்ல சாப்பிடுங்க."